மூன்றாவது ரெய்டு: விதியை மாற்றினால் ஆட்டம் சூடு பிடிக்குமா?

#1 – கோடுதாண்டி (ஒட்டன்சத்திரம்)

எங்கள் ஊரில் சடுகுடு ஆடிய காலத்தில் ஒரு மட்டமான தந்திரம் உண்டு. நாலு புள்ளி முன்னால் போய்விட்டால் போதும். அதன்பிறகு பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டி நாலடி வைப்பான், மூச்சு இருக்கும்வரை கபடி கபடி என்று ஓதுவான், யாரையும் தொடாமல் திரும்பி வருவான். பின்தங்கிய அணியும் பிடி விழுந்துவிடுமோ என்று பயந்து அதையே செய்யும். இரவு பதினொரு மணிக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டு அணிகளும் ஒன்றையொன்று வேடிக்கை பார்க்கும். கூட்டம் கடலையைத் தின்று முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடும். நானும் அப்படி ஆடியவன்தான், மறைக்கவில்லை.

2014இல் புரோ கபடி வந்தபோது எனக்கு முதலில் பிடித்துப்போனது விளக்குகளோ பாட்டோ அல்ல, அந்த மூன்றாவது ரெய்டுதான் (பாடிப் போவதை அங்கே ரெய்டு என்கிறார்கள்). ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை போகிறவர் புள்ளி எடுத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் அவர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. வாழ்வா சாவா என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இதோடு ரெய்டுக்கு 30 விநாடி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் ஊர்த் தந்திரத்துக்கு இடமே இல்லை.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: சும்மா நிற்கிறவனைத் தண்டிக்கும் விதி ஆட்டத்தை வாழவைக்கும். புள்ளியை வாரி இறைக்கும் விதி ஆட்டத்தைக் கெடுக்கும். ஐபிஎல்லில் வந்த இம்பாக்ட் பிளேயர், அதாவது ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கும் விதி, இரண்டாவது ரகம். மற்ற விளையாட்டுகளைப் பார்க்கிறவர்கள் வந்து சொல்லுங்கள், நான் சொல்வது சரியா என்று.

#2 – மூன்றாம் நடுவர் (சென்னை)

இம்பாக்ட் பிளேயர் விஷயத்தில் உங்கள் கட்சிதான். 2023இல் அந்த விதி வந்தது. 2024இல் ஐதராபாத் அணி முதலில் 277, பிறகு பெங்களூருக்கு எதிராக 287 என்று அடித்தது. எட்டாம் இடம்வரை மட்டை பிடிக்கத் தெரிந்தவன் இருந்தால், விக்கெட் போய்விடுமே என்ற பயம் எதற்கு? பயம் போனால் சிக்ஸருக்கு என்ன மதிப்பு? எல்லா நாளும் தீபாவளி என்றால் பட்டாசுச் சத்தம் தலைவலிதான். ரோகித் சர்மாவே இது தமக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சிவம் துபே, வாஷிங்டன் சுந்தர் போன்றவர்களுக்குப் பந்துவீச வாய்ப்பே கிடைக்கவில்லை என்பது அவர் குறை. சேப்பாக்கத்தில் பந்தும் மட்டையுமாக வளர்ந்த ஒரு பையனை, பாதி வேலைக்கு மட்டும் கூப்பிடுகிற விதி அது.

ஆனால் என் பெரிய வருத்தம் வேறு. 2011 அக்டோபரில் ஒருநாள் போட்டிகளில் இரண்டு முனைக்கும் ஆளுக்கொரு புதிய பந்து கொடுத்தார்கள். காரணம் நியாயமானதுதான். வெள்ளைப் பந்து அழுக்கேறினால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கு முன்னால் 34ஆவது ஓவரில் பந்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பந்து வந்ததும் என்ன ஆயிற்று? ஐம்பதாவது ஓவரில்கூட ஒவ்வொரு பந்தின் வயதும் 25 ஓவர்தான். பழைய பந்து என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. கடைசிப் பத்து ஓவரில் ரிவர்ஸ் ஸ்விங் செய்து, அதாவது தேய்ந்த பந்தை எதிர்பாராத பக்கம் வளைத்து, ஸ்டம்பைப் பிடுங்கும் காட்சி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. சுழற்பந்துக்காரனுக்கும் பிடிமானம் இல்லை.

அதைத் திருத்த 2025 ஜூலைவரை ஆயிற்று. இப்போது 34 ஓவர்வரை இரண்டு பந்து, அதன்பிறகு பந்துவீசும் அணி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பந்து அழுக்காகிறது என்ற சின்னத் தொல்லையைத் தீர்க்கப் போய் ஒரு கலையையே பதினான்கு வருடம் மூட்டை கட்டி வைத்தார்கள். விதியை மாற்றுகிறவர்கள் இதை எங்காவது எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்.

#3 – டொராண்டோ தம்பி

கோடுதாண்டி அண்ணா, உங்கள் வாதத்துக்கு வலு சேர்க்க ஒரு உதாரணம் இங்கே இருக்கிறது. கனடா வந்த புதிதில் அலுவலக நண்பர்கள் என்னை பேஸ்பால் பார்க்க அழைத்துப் போனார்கள். டொராண்டோ அணியான புளூ ஜேஸின் ஆட்டம். மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். பந்தை எறிகிறவர் தொப்பியைச் சரிசெய்வார், மண்ணை உதைப்பார், எங்கோ பார்ப்பார். மட்டைக்காரர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டுவார். எனக்கு ஏதோ சடங்கு நடக்கிறது என்று தோன்றியதே தவிர ஆட்டம் என்று தோன்றவில்லை.

2023இல் கடிகாரம் வைத்தார்கள். மட்டை அணிக்காரர் ஓடிப்போய் நிற்கும் தளங்களில் யாரும் இல்லையென்றால் 15 விநாடி, ஆள் இருந்தால் 20 விநாடி, அதற்குள் எறியவேண்டும். அடுத்த வருடம் அந்த 20ஐ 18 ஆக்கினார்கள். 2022இல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 3 மணி 4 நிமிடம் ஓடியது. கடிகாரம் வந்த முதல் வருடமே 2 மணி 40 நிமிடம். ஒரு அடிகூடக் குறையவில்லை, ஒரு பந்துகூடக் குறையவில்லை. குறைந்தது தொப்பியைச் சரிசெய்த நேரம் மட்டும்தான்.

அதே வருடம் தளங்களின் அளவையும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கி, எறிகிறவர் ஓடுகிறவரை மிரட்டித் திருப்பி எறிவதற்கும் வரம்பு வைத்தார்கள். எறிகிறவன் அசந்த நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடுவதை இங்கே திருட்டு என்பார்கள். அந்தத் திருட்டு 2,486இலிருந்து 3,503 ஆகிவிட்டது. இந்த ஆட்டத்தில் என் கண்ணுக்கு அழகான காட்சி அதுதான்.

ஒரு வேடிக்கை. ஆட்டம் சீக்கிரம் முடிவதால் பீர் விற்பனை குறைகிறது என்று, ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்திக்கொண்டிருந்த விற்பனையைச் சில அணிகள் எட்டாவதுவரை நீட்டித்தன.

#4 – நெல்லை ரசிகன்

எல்லோரும் கடிகாரத்தைக் கும்பிடுகிறீர்கள். நான் மறுக்கிறேன்.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் சமனில் முடிந்தது. டிரா அல்ல, இரண்டு அணியின் மொத்த ரன்னும் ஒன்றாகிவிட்ட டை. டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது டை. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. ஐந்து நாள் வெயிலில் காய்ந்தவனுக்குத்தான் அந்த ஒரு பந்தின் கனம் தெரியும். 1999 ஜனவரியில் அதே மைதானத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். சச்சின் 136 அடித்துவிட்டு அவுட்டான பிறகு மிச்சம் மூன்று விக்கெட்டும் நாலு ரன்னில் போயின. தோற்ற துக்கத்திலும் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டியது. அந்த இரண்டு ஆட்டத்துக்கும் எந்தக் கடிகாரம் சூடு ஏற்றியது? யார் கூடுதல் புள்ளி கொடுத்தார்கள்?

காத்திருப்பும் ஆட்டத்தில் ஒரு பகுதி. அதை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது விளம்பரப்படம்.

#5 – கோடுதாண்டி

நெல்லை ஐயா, காத்திருப்பும் சும்மா நிற்பதும் ஒன்றல்ல. டெஸ்டில் ஒரு மணி நேரம் ரன் எடுக்காமல் தடுத்து ஆடுகிறவன் ஒவ்வொரு பந்திலும் அவுட்டாகும் ஆபத்தோடு நிற்கிறான். எங்கள் ஊர்ப் பாடகன் நாலடி வைத்துவிட்டுத் திரும்பியபோது அவனுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. கையுறையைக் கழற்றி மாட்டுகிறவனுக்கும் இல்லை. ஆபத்தில்லாத சும்மாவைத்தான் வெட்டச் சொல்கிறேன்.

#6 – நெல்லை ரசிகன்

இது நல்ல பதில். ஒப்புக்கொள்ள மனமில்லை, இருந்தாலும் நல்ல பதில்.

#7 – வளைகோல் (கோவில்பட்டி)

ஹாக்கியைப் பற்றி யாரும் பேசமாட்டீர்கள் என்று தெரியும், நானே வருகிறேன். எங்கள் ஊரில் பிள்ளை நடக்கப் பழகும்போதே கையில் மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். விதிமாற்றத்தால் அடிபட்டவர்களும் நாங்கள்தான், பிழைத்தவர்களும் நாங்கள்தான்.

அடிபட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் வந்தது, இந்தியா ஏழாம் இடம். பிழைத்த கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. எதிரணியின் காவலர்களைத் தாண்டி முன்னால் போய்ப் பந்துக்குக் காத்து நிற்கக்கூடாது என்ற ஆஃப்சைடு விதியைத் தொண்ணூறுகளில் எடுத்தார்கள். 2009இல் இன்னொரு மாற்றம் வந்தது. எதிரணியின் ஃபவுலுக்காக ஃப்ரீ ஹிட் கிடைத்தவர் பந்தை இன்னொருவருக்குத் தள்ளவேண்டும் என்ற கட்டாயம் போய், தானே எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றானது. கேட்பதற்கு ஒன்றுமே இல்லை, அல்லவா? மைதானத்தில் அது என்ன செய்தது என்று பாருங்கள். முன்பெல்லாம் விசில் ஊதியதும் தடுக்கும் அணிக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும், அதனால் வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஆட்டத்தை நிறுத்துவார்கள். இப்போது விசில் ஊதி முடிப்பதற்குள் பந்து போய்விடுகிறது. ஃபவுல் செய்தவனுக்கு லாபமில்லை. கோடுதாண்டி சொன்ன விதி என்றால் இதுதான் என்பேன்.

எதிர் உதாரணமும் எங்களிடமே இருக்கிறது. 2016 ஹாக்கி இந்தியா லீக்கில் களத்தில் அடிக்கும் கோலுக்கு இரண்டு கோல் கணக்கு என்றார்கள். ஃபவுலுக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரையே நம்பி ஆடாமல் நகர்ந்து ஆடி கோல் போடட்டும் என்ற நல்லெண்ணம். பலன்? ஒரு கோல் போட்டதும் பலகையில் 2–0. என் மாமா ராணுவ அணியில் ஆடியவர். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு, நான் பாத்ரூம் போன நேரத்தில் ஒரு கோல் போட்டுவிட்டார்களா என்று கேட்டார். அடுத்த வருடமும் அதே விதியோடு ஆடினார்கள். உலக ஹாக்கி அதைச் சீந்தவில்லை.

2023இல் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தை நேரில் பார்த்தேன். பாதி ஆட்டத்தில் மலேசியா 3–1 முன்னிலை. மூன்றாவது கால்பகுதி முடியப்போகும் கடைசி நிமிடத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல். 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் நாலாவது. 4–3. ஒரு கோலுக்கு ஒரு கோல்தான் கணக்கு, அது போதுமானதாக இருந்தது. எனக்கு மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது.

#8 – யாழ் பந்து (யாழ்ப்பாணம்)

வணக்கம். உதைபந்தாட்டத்தில் இருந்து இரண்டு கதைகள் சொல்கிறேன், ஒன்று உங்கள் கட்சிக்கு, மற்றது எதிர்க்கட்சிக்கு.

முதலாவது. 1990 உலகக் கிண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், முன்னிலை எடுத்த அணி பந்தைக் கோல் காப்பாளரிடம் பின்னால் தள்ளும், அவர் கையில் எடுப்பார், உருட்டிவிடுவார், மறுபடி வாங்குவார். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல்கள்தான். 1992இல் அந்தப் பாஸைக் கையால் தொடக்கூடாது என்று தடை போட்டார்கள். அன்றிலிருந்து கோல் காப்பாளரும் காலால் ஆடப் பழகவேண்டியதாயிற்று. இன்று அவர் காலிலிருந்துதான் தாக்குதலே தொடங்குகிறது. ஒரு சோம்பலைத் தடுக்கப் போய் ஒரு புதிய ஆட்டக்காரனையே உண்டாக்கிவிட்டார்கள்.

இரண்டாவது கதையைப் பலர் நம்பமாட்டார்கள். 1994 ஜனவரி, கரீபியன் கிண்ணத்தின் தகுதிச் சுற்று. பார்படோசும் கிரெனடாவும். ஒரு ஆட்டம்கூடச் சமநிலையில் முடியக்கூடாது, கூடுதல் நேரத்தில் முதலில் விழுந்து ஆட்டத்தை அங்கேயே முடித்துவைக்கும் தங்கக் கோல் இரண்டு கோலுக்குச் சமம் என்று விதி. பார்படோஸ் அடுத்த சுற்றுக்குப் போக இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்லவேண்டும். 2–0 என்று இருந்தது, 83ஆவது நிமிடத்தில் கிரெனடா ஒன்று போட்டு 2–1 ஆக்கியது. பார்படோஸ்காரர் யோசித்தார்கள். இருக்கிற சில நிமிடத்தில் இன்னொரு கோல் போடுவது கடினம், ஆனால் ஆட்டம் சமனானால் கூடுதல் நேரம் கிடைக்கும், அங்கே ஒரு கோல் போட்டால் அதுவே இரண்டு. 87ஆவது நிமிடத்தில் வேண்டுமென்றே தங்கள் வலைக்குள்ளேயே பந்தை அடித்தார்கள். 2–2!

கிரெனடாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர்கள் எந்த வலைக்குள் ஒரு கோல் போட்டாலும் தப்பிவிடுவார்கள், ஏனென்றால் 2–3 என்று தோற்றாலும் போதும். ஆகவே அவர்கள் தங்கள் வலைக்குள்ளும் அடிக்க ஓடினார்கள். பார்படோஸ் இரண்டு பக்க வலைகளையும் காத்தது! கூடுதல் நேரத்தில் பார்படோஸ் கோல் போட்டு 4–2 என்று வென்றது. தங்கக் கோல் விதியே 2004 அளவில் கைவிடப்பட்டது. துணிந்து தாக்குவார்கள் என்று எதிர்பார்த்துக் கொண்டுவந்த விதி, ஒரு தவறு செய்தால் கதை முடிந்தது என்ற பயத்தில் எல்லோரையும் பின்னால் இழுத்து நிறுத்தியதுதான் மிச்சம்.

துடுப்பாட்டத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதாவிட்டால் எங்கள் ஊரில் வெளியே நடமாட முடியாது. முதல் 15 ஓவரில் மைதானத்தின் உள்வட்டத்துக்கு வெளியே களத்தடுப்பாளர் இரண்டு பேர்தான் என்ற கட்டுப்பாட்டைப் பயன்படுத்தி அடித்து ஆடுவதை 1992இல் நியூசிலாந்தின் கிரேட்பாட்ச் தொட்டுப் பார்த்தார். 1996இல் சனத் ஜெயசூரியவும் களுவிதாரணவும் அதைக் கையில் எடுத்தார்கள். டெல்லியில் உங்களுக்கு எதிராக முதல் 3 ஓவரில் 42 ஓட்டங்கள். மன்னிக்கவும், நினைவூட்டவேண்டியிருந்தது.

#9 – மூன்றாம் நடுவர்

அந்த ஆட்டத்தை நான் மறந்துவிட்டிருந்தேன். நன்றி, இரவு தூக்கம் போயிற்று.

ஓட்டைகளைப் பற்றிப் பேசுவதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1979இல் சிட்னியில் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கடைசிப் பந்தில் 3 ரன் தேவை. இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி விக்கெட் கீப்பர் உட்பட எல்லோரையும் எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டார். விதியில் அதற்குத் தடை இல்லை. யாழ் பந்து கொண்டாடுகிற அந்த வட்டம் வந்ததே இப்படிப்பட்ட கேப்டன்களால்தான்.

#10 – மட்டுறுத்துநர்

எந்த ஐபிஎல் அணி பெரியது என்ற இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே ஏற்கனவே 4,000 பதிவு ஓடிவிட்டது. இங்கே விதியைப் பற்றி மட்டும்.

#11 – கணக்கு வாத்தியார் (கரூர்)

இழையைத் தொடங்கியவரின் மூன்றாவது ரெய்டை எல்லோரும் புகழ்ந்துவிட்டீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

முதலில் கூடைப்பந்து. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணியும் மினியாபொலிஸ் அணியும் ஆடிய என்பிஏ ஆட்டம் 19–18 என்று முடிந்தது. இரண்டு அணியும் சேர்த்தே 37 புள்ளி! உயரமான எதிராளியிடம் பந்து போகக்கூடாது என்று பந்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள். 1954இல் சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பையசோன் ஒரு கணக்குப் போட்டார். ரசிக்கும்படியான ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. வகுத்தால் 24. ஆகவே 24 விநாடிக்குள் எறியவேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அணியின் சராசரிப் புள்ளி 79.5இலிருந்து ஒரே பருவத்தில் 93.1 ஆனது. அந்த 24 இன்றுவரை மாறவில்லை. நல்ல ஆட்டம் ஏற்கனவே எந்த வேகத்தில் போகிறது என்று அளந்து, அதையே விதியாக்கினார். எவ்வளவு நாசூக்கான வேலை!

இப்போது கபடிக்கு வாருங்கள். முதல் இரண்டு ரெய்டுக்குத் தண்டனை இல்லை என்றால் என்ன அர்த்தம்? இரண்டு முறை சும்மா வந்து போக அனுமதிச்சீட்டு கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். பல ஆட்டங்களில் முதல் ரெய்டு, இரண்டாவது ரெய்டு இரண்டும் சம்பிரதாயம். போகிறவர் கட்டாயம் தாண்டவேண்டிய பாக் லைனைத் தாண்டி ஒரு கால் வைக்கிறார், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டை நோக்கி ஒரு பாவனை, திரும்பிவிடுகிறார். பிடிக்கிறவர்களும் மூன்றாவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி நிற்கிறார்கள். கோடுதாண்டியின் ஊர்த் தந்திரம் செத்துப்போகவில்லை, அதற்கு ஒதுக்கீடு கிடைத்திருக்கிறது. தமிழ் தலைவாஸ் ஆட்டங்களைப் பார்த்து எனக்கு ரத்தக்கொதிப்பு வந்ததே இதனால்தான்.

#12 – செல்வி டீச்சர் (சேலம்)

நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வாத்தியார் சொல்வது உண்மை. என் மாணவிகளும் தொலைக்காட்சியைப் பார்த்து அந்தச் சம்பிரதாயத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண் வந்து, டீச்சர் இது ரெண்டாவது ரெய்டுதானே, சும்மா போய்ட்டு வரட்டுமா என்று கேட்கிறாள்.

கைப்பந்திலும் (வாலிபால்) இப்படி ஒன்று நடந்தது. நான் ஆடிய காலத்தில் சர்வீஸ் போடும் அணிக்குத்தான் புள்ளி. எதிரணி வென்றால் சர்வீஸ் மட்டும் கைமாறும். சில செட்கள் ஒரு யுகம் ஓடும். தொண்ணூறுகளின் கடைசியில் எல்லா ரேலிக்கும் புள்ளி என்று மாற்றினார்கள், 25 புள்ளிக்கு செட். ஆட்டம் எப்போது முடியும் என்று தொலைக்காட்சிக்காரர்களுக்குத் தெரிந்தது. பார்ப்பவர்களுக்கும் எளிதாகப் புரிந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பள்ளி அளவில் ஒன்றைக் கண்ணால் கண்டேன். சர்வீஸ் வலையைத் தாண்டாவிட்டால் எதிரணிக்குப் புள்ளி என்றதும் என் பெண்கள் பலமாக அடிப்பதை விட்டுவிட்டு மெதுவாகத் தூக்கிப் போட ஆரம்பித்தார்கள். பெரிய ஆட்டக்காரர்கள் எகிறி அடிக்கிறார்கள், அவர்களுக்குக் கை வசப்பட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் புள்ளிக்குப் பயந்து கலையைக் கற்காமலே போகிறார்கள். மேலே போடும் விதி கீழே எப்படி வந்து இறங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

#13 – கோடுதாண்டி

டீச்சர், வாத்தியார், இரண்டு பேரும் சேர்ந்து என்னை மூலையில் உட்கார வைத்துவிட்டீர்கள். இருந்தாலும் விடுவதாக இல்லை.

மூன்றாவது ரெய்டு சரியில்லை என்றால், முதல் ரெய்டையே வாழ்வா சாவா ஆக்கினால் என்ன? முழு ஆட்டத்துக்கும் வேண்டாம், ஆட்கள் தாங்கமாட்டார்கள். கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும். இன்றைக்குக் கபடியில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே எரிச்சல் அந்த மூன்று நிமிடம்தான். ஏழெட்டுப் புள்ளி முன்னால் இருக்கிற அணி ஒவ்வொரு ரெய்டிலும் 30 விநாடியை முழுசாகத் தின்றுவிட்டு வரும். 2025 பருவத்தில் லீக் ஆட்டங்களும் சமனில் முடியாதபடி டைபிரேக்கரும், அதிலும் சமனானால் வெற்றியைத் தீர்மானிக்கும் தங்க ரெய்டும் கொண்டுவந்தார்கள், நல்லது. ஆனால் சமனுக்கே வராத ஆட்டம்தானே அதிகம்?

#14 – கணக்கு வாத்தியார்

மூன்று நிமிடம் என்பது 180 விநாடி. ரெய்டுக்கு 30 என்றால் ஆறு ரெய்டு, ஆளுக்கு மூன்று. முன்னால் இருக்கும் அணி மூன்று ரெய்டிலும் தோற்றால்கூட மூன்று புள்ளிதான் போகும். எட்டில் மூன்று போனால் ஐந்து. எதிரணி தன் மூன்று ரெய்டில் அந்த ஐந்தை எடுக்கவேண்டும், அதுவும் ஒவ்வொன்றும் வாழ்வா சாவா. தவறினால் முன்னால் இருப்பவருக்கே புள்ளி. பின்தங்கியவனைக் காப்பாற்றக் கொண்டுவரும் விதி அவன் கழுத்தையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. 

#15 – நெல்லை ரசிகன்

பேசாமல் ஐந்து நாள் கபடி ஆடுங்கள்.

#16 – செல்வி டீச்சர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், பள்ளியில் வேலை.

கோடுதாண்டி சொன்ன விதியைப் பயிற்சி ஆட்டம் ஒன்றில் சோதித்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும், 15 நிமிடப் பாதிகள் இரண்டு. கடைசி மூன்று நிமிடம் ஒவ்வொரு ரெய்டும் வாழ்வா சாவா என்று முன்பே சொல்லிவிட்டேன். அந்த நேரம் வந்தபோது ஒன்பதாம் வகுப்பு 21–14 முன்னிலை.

ஒன்பதாம் வகுப்பின் தலைவி தன் நல்ல ரெய்டரை அனுப்பவில்லை. அணிக்குப் புதிதாக வந்த, ஓடவே தெரியாத ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்து, காதில் என்னவோ சொல்லி அனுப்பினாள். அந்தப் பெண் பாக் லைனைத் தாண்டிப் போய், யாருக்கும் எட்டாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு கபடி கபடி என்று பாடினாள். பத்தாம் வகுப்பு ஏழு பேரும் அசையவில்லை. ஏன் அசையவேண்டும்? அவள் தொடாமல் திரும்பினால் அவர்களுக்குச் சும்மாவே ஒரு புள்ளி. இந்தப் பக்கம் நேரம் போனால் லாபம், அந்தப் பக்கம் நின்றால் லாபம். முப்பது விநாடி. கபடி கபடி. மைதானத்தில் ஒரு காக்கை கத்தியது கேட்டது. முதல் பதிவில் எழுதியிருந்தீர்களே டியூப் லைட் இரவு, அது பட்டப்பகலில் என் கண்முன்னால் நின்றது.

இரண்டாவது முறையும் அதே கதை. மூன்றாவது முறைதான் பத்தாம் வகுப்பில் ஒருத்திக்கு உறைத்தது. நேரம் போகுதுடி, பிடி என்று கத்திக்கொண்டு பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். மிச்சமானது 20 விநாடி. அதற்குள் பத்தாம் வகுப்புப் பெண்கள் தங்கள் ரெய்டுகளில் கொஞ்சம் எடுத்திருந்தார்கள், ஒன்றில் தோற்றிருந்தார்கள். கடைசியில் 22–20, ஒன்பதாம் வகுப்புதான் வென்றது.

வேடிக்கை பார்த்த பிள்ளைகள் கத்தினார்களா என்று கேட்டால், கத்தினார்கள். முழு ஆட்டத்திலும் கத்தாத அளவுக்குக் கத்தினார்கள். ஆறு ரெய்டில் இரண்டு ரெய்டு முழுசாகச் சும்மா நின்றதுதான், ஆனாலும் கத்தினார்கள். இதை உங்கள் கட்சியில் எழுதுவதா வாத்தியார் கட்சியில் எழுதுவதா, எனக்குத் தெரியவில்லை.

#17 – கணக்கு வாத்தியார்

அந்தத் தலைவிக்குக் கணக்கில் எத்தனை மதிப்பெண்?

#18 – செல்வி டீச்சர்

37.

#19 – கோடுதாண்டி

டீச்சர், இன்னொரு முறை சோதிக்கமுடியுமா? கடைசி மூன்று நிமிடத்தில் ரெய்டுக்கு 15 விநாடிதான் என்று வைத்து?

#20 – செல்வி டீச்சர்

அடுத்த வாரம் காலாண்டுத் தேர்வு. முடியட்டும், பார்க்கலாம். தலைவியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லமாட்டேன்.